எஷ்பாக் கரையின் மதிப்பெண்

ஓடைக்கரை மரங்களுக்கு மதிப்பெண் போடுவது என் வேலை. என் பெயர் மார்லின் லீப்ஹார்ட். பென்சில்வேனியாவில் எங்கள் மாவட்டத்து நீர் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். கையில் ஒரு நாடா, ஒரு படிவம், உள்ளங்கை அகலத்தில் கட்டம் போட்ட குவிந்த கண்ணாடி ஒன்று. கண்ணாடியைத் தண்ணீருக்கு மேல் மட்டமாகப் பிடித்துக் குனிந்தால் தலைக்கு மேலுள்ள கிளையெல்லாம் அதில் விழும். எத்தனை கட்டத்தில் இலை, எத்தனை கட்டத்தில் வானம் என்று எண்ணி எழுதுவேன்.

இந்த எண்ணிக்கைக்கு மதிப்பு வந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால்தான். கீழே இருக்கும் நகரத்தின் கழிவுநீர் நிலையம் ஆற்றில் விடுகிற தண்ணீரில் நைட்ரஜன் அதிகம், குறைத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. புதுத் தொட்டிகள் கட்டப் பெருஞ்செலவு ஆகும். அதைவிட மலிவாக ஒரு வழி இருந்தது. மேலே பண்ணை வைத்திருப்பவர்கள் ஓடையோரம் மரம் வைத்தால், வயலிலிருந்து வழிந்து வரும் எருச்சத்தை வேர்கள் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பிடிக்கும் என்று நாங்கள் கணக்கிட்டு விவசாயிக்குக் கிரெடிட் கொடுப்போம். அதை நகரம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். அழுக்கை யார் குறைத்தால் என்ன, ஆறு ஒன்றுதானே என்பது இதன் நியாயம். நானும் அதை நம்பினேன். இன்றும் பாதி நம்புகிறேன்.

லிட்டில் ஹிக்கரி ஓடையில் முக்கால் மைல் நீளத்துக்கு வெர்னன் எஷ்பாக்கின் கரை. என் பத்தொன்பது வருஷத்தில் அதைப் போல் இன்னொன்றை நான் அளந்ததில்லை. எழுபத்தொன்பதாம் வருஷம் அவரும் அவர் மனைவி எடித்தும் சேர்ந்து இரு பக்கமும் வேலி போட்டு மாடுகளை ஓடைக்குள் இறங்கவிடாமல் தடுத்தார்கள். ஒன்பது ஏக்கர் மேய்ச்சல் நிலம் அதில் போய் மரக்காடாக வளர்ந்தது. யாரும் காசு கொடுத்துச் செய்யச் சொல்லவில்லை. "நம்ம மாடு மூத்திரம் பெய்யுது, கீழ்ப்பண்ணைக்காரங்க மாடு குடிக்குது, இது என்ன நியாயம்?" என்று எடித் கேட்டாளாம். அவ்வளவுதான் காரணம். பக்கத்துப் பண்ணை டேல் ரூப் தீவனக் கடையில் நின்றுகொண்டு, "வெர்னன் ஒன்பது ஏக்கர்ல குருவி மேய்க்கிறான்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார்.

எடித் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. நான் அளக்கப் போன ஜூலையில் வெர்னனுக்கு எழுபத்தேழு வயது. நான் வருவது தெரிந்து கரையோரம் நடக்கப் பாதை வெட்டி வைத்திருந்தார், இடுப்பு வலியோடு.

"அலுவலகத்துக்காரங்க முள்ளுல மாட்டிக்கிட்டா மதிப்பெண்ணைக் குறைச்சிருவீங்கன்னு பயம்" என்றார்.

"முள்ளுக்கும் மதிப்பெண் உண்டு, வெர்னன். நீங்க வெட்டினதுக்குத்தான் குறைக்கணும்."

"அப்படியா? சொல்லித் தொலைச்சிருக்கலாமே. ரெண்டு நாளா என் இடுப்பு செத்துப்போச்சு."

இரண்டு நாள் அளந்தேன். கரையின் அகலம், மரங்களின் பருமன், அடியில் புதர், சரிவு எல்லாம். வெள்ளைத்தோல் உரிந்து நிற்கும் சைக்கமோர் மரங்கள், இரண்டு பேர் கைகோத்தாலும் பிடிபடாதவை. தண்ணீருக்குள் வேர் விட்ட வில்லோ. மேப்பிள், கருப்பு வால்நட். கண்ணாடியில் வானம் விழவில்லை என்றே சொல்லலாம். தொண்ணூற்றாறு கட்டத்தில் தொண்ணூற்று மூன்றில் இலை. வயிற்றுவரை தண்ணீரில் நின்றபோது ட்ரவுட் மீன் ஒன்று என் காலை உரசிக்கொண்டு போனது. அந்த ஜூலையிலும் எனக்குக் குளிரெடுத்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வெர்னன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கணக்கைச் சொன்னேன். அவர் மகன் க்ளென் கோழிச் சோளச் சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றினான். அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மணம் முறிந்து திரும்பி வந்து அப்பாவோடு அறுபது மாடுகளை வைத்துக்கொண்டிருந்தான். நூறு மாட்டுக்குக் குறைந்த பண்ணைகளில் இனிப் பால் எடுக்கப்போவதில்லை என்று பால் கம்பெனி கடிதம் போட்டிருந்த சமயம் அது. அந்தக் கடிதம் குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தின் கீழ் தொங்கியது.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு" என்றேன். "இந்த மாவட்டத்துல யாருக்கும் இவ்வளவு போட்டதில்லை."

"மீதி ரெண்டு?" என்றார் வெர்னன்.

"நீங்க வெட்டின முள்ளு."

க்ளென் சிரித்தான். "சரி, அதுக்கு எத்தனை கிரெடிட்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தேன். ஆனாலும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அளந்து முடித்த பிறகு திட்டத்தை நடத்தும் குழுவிடம் பேசிப் பார்க்கலாம், இந்தக் கரையைப் பார்த்தால் விதியைத் தளர்த்துவார்கள் என்று எனக்குள் ஒரு நப்பாசை. அன்று காலையில்தான் குழுத்தலைவரைத் தொலைபேசியில் கேட்டேன். முடியாது என்றுவிட்டார்.

"ஒண்ணும் இல்லை" என்றேன். "திட்டம் ஆரம்பிச்ச பிறகு நட்டதுக்குத்தான் கிரெடிட். ஏற்கெனவே இருக்கிற மரம் ஏற்கெனவே வேலை செய்யுது. நகரம் புதுசா ஒரு நன்மைக்குத்தான் காசு கொடுக்கும்."

வெர்னன் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப டேலுக்கு?"

டேல் ரூப்பின் கரையில் ஒரு புதர்கூடக் கிடையாது. தண்ணீர்வரை சோளம் போட்டிருந்தார். மிச்ச இடத்தில் மாடுகள் ஓடைக்குள் நின்றன. கரை இடிந்து இடிந்து விழுந்துகொண்டிருந்தது.

"அவருக்குக் கிடைக்கும். நட்டா நிறையவே கிடைக்கும்."

"நாப்பது வருஷம் ஓடையை நாசம் பண்ணினவனுக்கு."

"ஆமா."

"நாப்பது வருஷம் அவன் சேத்தையும் சேர்த்து வடிகட்டினவனுக்குப் பூஜ்யம்."

"படிவத்துல அப்படித்தான் வரும், வெர்னன்."

சூப் ஆறிக்கொண்டிருந்தது. க்ளென்தான் மெதுவாகக் கேட்டான். "நாங்க இதையெல்லாம் வெட்டிட்டு, மறுபடி நட்டா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் இருக்கும்போது நான் வேடிக்கை பேசுவேன், அது என் கெட்ட பழக்கம். "அப்படிச் செஞ்சா மாவட்டத்துலயே பெரிய பணக்காரன் நீதான்" என்றேன். வெர்னன்கூடச் சிரித்தார். கரை மரத்தை வெட்டியவர்கள் கிரெடிட் வாங்கப் பத்து வருஷம் தடை என்று ஒரு விதி உண்டு. அதை நான் சொல்லவில்லை. வேடிக்கைக்கு எதற்கு விதி என்று நினைத்தேனோ என்னவோ. சொல்லவில்லை.

அந்த வருஷம் நவம்பரில் வெர்னனுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை நடந்தது. காயத்தில் சீழ் பிடித்து, ஆறு வாரம் என்றது ஐந்து மாதம் ஆயிற்று. நகரத்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் வைத்திருந்தார்கள். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். ஓடை உறைந்திருக்கிறதா என்று கேட்டார். தெரியவில்லை, அந்தப் பக்கம் போகவில்லை என்றேன். அது உண்மைதான்.

மார்ச் மாதம் என் மேஜைக்கு க்ளென் எஷ்பாக் பெயரில் ஒரு விண்ணப்பம் வந்தது. வெர்னன் மருத்துவமனைக்குப் போகும்போதே பண்ணையை மகன் பெயருக்கு மாற்றியிருந்தார். விண்ணப்பத்தில் 'கரையின் தற்போதைய நிலை' என்ற இடத்தில் 'புல்' என்று எழுதியிருந்தது.

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தைத் தாண்டித் திரும்பியபோது தவறான சாலையில் வந்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. முக்கால் மைலும் வெட்டவெளி. அடிக்கட்டைகளைக்கூட இயந்திரத்தால் அரைத்துவிட்டு மேலே புல் விதை தூவியிருந்தான். மரத்தூள் கிடந்த இடங்களில் மட்டும் மண் மஞ்சளாக இருந்தது. ஓடை கலங்கி, டேலின் பக்கத்திலிருந்து வந்த நிறத்திலேயே ஓடியது.

க்ளென் கொட்டகையிலிருந்து இறங்கி வந்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"நீ சொன்னதுதான்."

"வேடிக்கைக்குச் சொன்னேன், க்ளென்."

"நீ போன பிறகு நான் உக்காந்து கணக்குப் போட்டேன். வேடிக்கைன்னாலும் கணக்கு சரியாத்தான் இருந்தது. வால்நட்டை மரக்கடைக்காரன் எடுத்துக்கிட்டான். அதுல நாலு மாசம் மாட்டுக்குத் தீவனம் வாங்கினேன். கிரெடிட் வந்தா இன்னும் நாப்பது மாடு வாங்கலாம். நூறு இருந்தா பால் வண்டி வரும். எனக்கு வேற என்ன வழி இருக்கு, சொல்லு."

அப்போதுதான் தடையைச் சொன்னேன். அவன் துணியால் துடைப்பதை நிறுத்தினான்.

"அதை அன்னிக்கு நீ சொல்லலையே."

"சொல்லலை."

"மரம் நின்னது மேலேர்ந்து எடுத்த படத்துல தெரியுமா?"

தெரியாது. மாநிலத்தின் வான்படம் ஒரு ஜனவரியில் எடுத்தது. இலையில்லாத மரங்கள் அதில் சாம்பல் தீற்றலாகத்தான் விழுந்திருந்தன. அப்படிப்பட்ட இடங்களில் நேரில் பார்த்த அலுவலரின் கையெழுத்தே முடிவு. அந்த அலுவலர் நான். மரங்கள் நின்றதற்கு ஒரே சாட்சி, விண்ணப்பமாக ஆகாததால் எந்தப் பதிவிலும் ஏறாத என்னுடைய ஜூலைப் படிவம்.

"அது உன் அலமாரியிலேயே இருக்கட்டும், மார்லின்" என்றான். "மரம் போனது போனதுதான். இனி நட்டாத்தான் மறுபடி வரும். நீ எழுதலைன்னா நடவும் மாட்டேன், மாடும் போயிரும். யாருக்கு லாபம்?"

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் அந்த விண்ணப்பத்தை மேஜையில் வைத்துக்கொண்டு வேறு வேலை பார்த்தேன். கையெழுத்துப் போட்டால், முன்பு இருந்ததைவிடக் கெட்டுப்போன ஓடைக்கு நகரம் காசு கொடுத்து, அதைக் காட்டித் தன் அழுக்கை ஆற்றில் விடும். போடாவிட்டால் என்னோடு படித்த பையனின் பண்ணை போகும். அதுவும் என் வாய்த்துடுக்கால். சரி எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் செய்யவில்லை.

ஏப்ரலில் வெர்னனை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கூட்டி வரும்போது க்ளென் சுற்றுவழியில், கொட்டகைப் பக்கமாக வந்திருக்கிறான். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேரே அவர் கண்ணில் அடித்தது. அந்த வீட்டில் எத்தனையோ வருஷமாக, இலையில்லாத நாளில்கூட, கிளைகளில் வடிகட்டாமல் அந்த நாற்காலியில் வெயில் விழுந்ததில்லை. கையால் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு நடைவண்டியைப் பிடித்து எழுந்து, விளக்கணைத்துப் படுக்கப் போய்விட்டார். க்ளென்தான் பிற்பாடு இதை என்னிடம் சொன்னான்.

மறுநாள் காலை எனக்குப் போன் வந்தது. "மார்லின், வா. உன் கண்ணாடியையும் எடுத்துட்டு வா."

போனேன். பழைய பிக்கப் வண்டியில் அவரை ஏற்றிக் கரைவரை ஓட்டிப் போகச் சொன்னார். இறங்கவில்லை, கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டார்.

"அளந்து சொல்லு."

"வெர்னன், வேண்டாம்."

"அளக்கிறது உன் வேலைதானே? அளந்து சொல்லு."

தண்ணீருக்குள் இறங்கிக் கண்ணாடியைப் பிடித்தேன். தொண்ணூற்றாறு கட்டத்திலும் வானம். திரும்பி வந்து சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

"வெட்டினா காசு வரும்னு அவன்கிட்ட நீ சொன்னியா?"

"சொன்னேன். உங்க முன்னாலதான். விளையாட்டா."

"ஞாபகம் இருக்கு. நானும் சிரிச்சேன்." ஓடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வெட்டினவனுக்குக் காசு உண்டா?"

"இல்லை. பத்து வருஷம் தடை."

"அப்ப அவன் விண்ணப்பம் போட்டதாச் சொன்னானே, அந்தக் காகிதம் உன் மேஜையில ஏன் தூங்குது?"

கண்ணாடியின் ஈரத்தைச் சட்டையில் துடைத்தேன்.

"ஜூலையில எழுதினியே, தொண்ணூத்தெட்டு. அதைக் கொண்டு வந்து கொடு."

"கொடுத்தா க்ளென் கதை முடிஞ்சுது, வெர்னன்."

"கொடு."

மே மாதக் குழுக் கூட்டம் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் நடந்தது. முப்பது பேர் இருப்பார்கள். டேல் ரூப் முன்வரிசையில். அவருடைய முதல் நடவுக்கு அன்று ஒப்புதல். எஷ்பாக் விண்ணப்பத்தின் முறை வந்ததும் வெர்னன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். என் ஜூலைப் படிவத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். எத்தனை சைக்கமோர், எத்தனை மேப்பிள், எவ்வளவு பருமன், எவ்வளவு நிழல். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வேதம் படிக்கிற குரலிலேயே படித்தார். கடைசியில், "இதெல்லாம் போன ஜூலையில நின்னது. டிசம்பர்ல என் மகன் வெட்டினான். உங்க விதி என்னவோ அதைச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பின்வரிசையில் க்ளென் இருந்தான். யார் சொல்லி வெட்டினாய் என்று குழுத்தலைவர் அவனைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். ஒரு பெயர் சொன்னால் போதும், தடை போகாவிட்டாலும் பழியில் பாதி இறங்கியிருக்கும்.

"யாரும் சொல்லலை. நானாத்தான்" என்றான்.

நான் எழுந்திருக்க வேண்டிய இடம் அது. நான் எழுந்திருக்கவில்லை.

பத்து வருஷத் தடை ஒருமனதாக நிறைவேறியது. அதோடு தலைவர் இன்னொன்றும் சொன்னார். பதிவில் ஏறாத ஓர் அளவைக்கூட இத்தனை கவனமாகச் செய்து பத்திரப்படுத்திய அலுவலருக்குக் குழு பாராட்டுத் தெரிவிக்கிறது என்றார். கைதட்டினார்கள். இலையுதிர் காலத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்டில் பால் வண்டி நின்றது. மாடுகள் ஏலத்தில் போயின. க்ளென் ஒஹாயோவில் தீவன லாரி ஓட்டும் வேலைக்குப் போனான். அப்பாவும் மகனும் அதற்குள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பண்ணையை வாங்க ஒரே ஆள்தான் வந்தார். டேல் ரூப். வெர்னன் நகரத்தில் இரண்டாம் மாடியில் ஓர் அறைக்குக் குடிபோனார்.

அடுத்த வசந்தத்தில் டேல் விண்ணப்பம் போட்டார், எஷ்பாக் கரைக்கு. விதியை மூன்று முறை எடுத்துப் படித்தேன். தடை, வெட்டியவரின் பெயருக்குத்தான். நிலத்துக்கு அல்ல. நிலம் கைமாறும் என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. திருத்தலாம் என்று குழுவுக்கு எழுதினேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

போய் அளந்தேன். நிழல் பூஜ்யம், வேர் பூஜ்யம், கரை அரிப்பு மிக அதிகம். இதைவிடக் கெட்ட கரை வேறில்லை என்பதால் இதைவிட அதிகக் கிரெடிட் கிடைக்கும் கரையும் வேறில்லை. டேல் என் பக்கத்தில் நின்று படிவத்தை எட்டிப் பார்த்தார்.

"வெர்னன் பையன் எனக்காகவே சுத்தம் பண்ணிக் கொடுத்த மாதிரி இருக்கு" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னார். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

எழுநூற்று நாற்பது மரக்கன்றுக் குச்சிகளைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து நட்டார்கள். நகர மேயர் வந்து ஒரு குச்சிக்கு மண் தள்ளினார். செய்தித்தாளில் டேலின் படம் வந்தது, 'ஆற்றைக் காக்கும் விவசாயி' என்று. அந்த வாரம் வெர்னனைப் பார்க்கப் போனேன். செய்தித்தாள் அவர் மேஜையில் மடித்துக் கிடந்தது.

"பிழைக்குமா?" என்றார்.

"பாதி பிழைக்கும். தண்ணி விட்டா."

"அவன் விடமாட்டான்." புதினாத் தேநீரை எனக்கு ஊற்றினார். "மார்லின், இனிமே நீ வராதே. உன்மேல கோபம் இல்லை. அன்னிக்குக் கூடத்துல நான் என் பையனைக் காட்டிக் கொடுத்தேன். அவன் உன்னைக் காட்டிக் கொடுக்கலை. நம்ம மூணு பேர்ல அவன்தான் நல்லவன்னு உன்னைப் பார்க்கும்போதெல்லாம் தோணுது. அது எனக்குத் தாங்கலை."

அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவர் அடுத்த பிப்ரவரியில் இறந்தார்.

அடக்கத்தன்று தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். க்ளென் ஒஹாயோவிலிருந்து லாரிக்காரன் மேல்சட்டையோடே வந்திருந்தான். முன்னால் குடும்பத்துக்கு விட்டிருந்த வரிசைக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பாட்டு ஆரம்பித்ததும் பாட்டுப் புத்தகத்தை விரித்து எனக்கும் தெரிகிற மாதிரி நடுவில் பிடித்தான். இரண்டு பேரும் பாடவில்லை.

பிறகு கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித் தொடைக் கறி, உருளைக்கிழங்கு, எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கென்றே சுடும் 'உலர்திராட்சைப் பை' என்ற இனிப்பு. நாங்கள் இருவரும் ஒரு மேஜையின் ஓரத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். டேல் ரூப் தட்டோடு வந்து மேஜை முனையில் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். க்ளெனின் தோளில் தட்டி, நல்ல மனுஷன் உன் அப்பா, பிடிவாதக்காரன், ஆனா நல்ல மனுஷன் என்றார். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"அந்தக் குச்சியில பாதிக்கு மேல பட்டுப்போச்சு, மார்லின். மறுபடி நட உங்க ஆபீஸ் காசு கொடுக்குமா?"

க்ளென் இனிப்பை வெட்டிக்கொண்டிருந்த முள்கரண்டியை நிறுத்தினான். அவன் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொடுக்கும்" என்றேன். "அதுக்குன்னு தனியா ஒரு நிதி இருக்கு."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு டேல் இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ள எழுந்து போனார்.